பாலிப்புக்காகக் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டுமா?

நாற்பதைத் தாண்டினால் மாதவிலக்கு முன்னே பின்னே ஆகத்தான் செய்யும் என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு அது நாள் தவறவே இல்லை. முடிந்து ஒரு வாரம் ஆன பிறகு, நடுவில் திட்டுத் திட்டாக உதிரம் பட்டது. போகப் போக விலக்கு நாட்களிலும் போக்கு அதிகமானது. மாம்பலம் ஸ்டேஷன் படிகளில் பாதியில் நின்று மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ரத்தப் பரிசோதனைக்குப் போனேன். ஹீமோகுளோபின் 8.6.

முதலில் பார்த்த மருத்துவமனையில், அடுத்த மாதவிலக்கு நெருங்கும் சமயத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு வெடிக்கும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வைத்து, வயிற்றின் மேலாகப் பார்த்து, 'கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறது' என்று ரிப்போர்ட் தந்தார்கள். "குழந்தைகள்தான் பெரியவர்களாகிவிட்டார்களே, எடுத்துவிடலாம்" என்றார் அங்கிருந்த மருத்துவர், பல்லைப் பிடுங்கச் சொல்கிற தோரணையில். என் நாத்தனாரும் அதே கட்சி. "எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் அண்ணி, நான் இல்லையா?" என்றாள். எதற்காக எடுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அண்ணா நகரில் பார்த்த இன்னொரு மருத்துவர் அந்த ரிப்போர்ட்டைப் படித்ததும் கேட்ட முதல் கேள்வி, ஸ்கேன் எடுத்தது மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதுதான். மாதத்தின் பின்பாதியில் உட்சுவர் இயல்பாகவே தடிக்கும். பாலிப் என்கிற சிறு சதை வளர்ச்சி இருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும். விலக்கு முடிந்ததும், பத்தாம் நாளுக்குள், சிறுநீர் கழித்துவிட்டுப் பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில் அது தெளிவாகத் தெரிந்தது: 1.6 செ.மீ. வளர்ச்சி, அதற்குள் போகும் ஒற்றை ரத்தக்குழாய்.

அந்த ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே அவர் படம் வரைந்து காட்டினார். ஃபைப்ராய்டு தசையில் வளரும் கட்டி. பாலிப் உட்சுவரின் சவ்விலிருந்தே கிளைப்பது. ஈஸ்ட்ரோஜன் அதை வளர்க்கிறது. உடல் பருமனும், மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டமாக்சிஃபென் மாத்திரையும் வாய்ப்பைக் கூட்டும். தொந்தரவே தராத, ஒரு செ.மீ.க்கும் குறைவான பாலிப்பைச் சும்மா கவனித்து வரலாம். சில தானாகவே மறைவதும் உண்டு. பெரும்பாலானவை சாதுவானவைதான். ஆனால் மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அலட்சியம் கூடாது என்றார்.

எனக்கு உதிரப்போக்கு இருந்ததால் அகற்றுவதென்று முடிவானது. "டி அண்ட் சி செய்தால் போதாதா?" என்று கேட்டேன். "அது கண்ணை மூடிக்கொண்டு சுரண்டுவது. பாலிப் நழுவிவிடும், இல்லாவிட்டால் காம்பு தங்கிவிடும்" என்றார். ஹிஸ்டெரோஸ்கோப்பியில் மெல்லிய கேமராக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி, உப்புநீர் பாய்ச்சி உட்புறத்தை விரித்து, பார்த்தபடியே அடியோடு நறுக்கி எடுக்கிறார்கள். வயிற்றில் கத்தி படாது, தையலும் கிடையாது.

காப்பீட்டு ஆசாமிகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 24 மணி நேரம் தங்கினால்தான் பணம் என்று போனில் ஒருவர் சாதித்தார். பாலிசியில், அன்றே வீடு திரும்பும் 'டே கேர்' சிகிச்சைகள் என்று தனிப் பட்டியலே இருக்கிறது. அந்தப் பக்கத்தை நகலெடுத்துக் கொடுத்ததும் அனுமதி வந்தது.

முதல் நாள் இரவோடு சாப்பாடு நிறுத்தம். காலையில் மயக்க மருந்து, மாலையில் வீடு. விலக்கு வலி போல அடிவயிற்றில் லேசான பிடிப்பும், சில நாட்களுக்கு நீர்த்த ரத்தக் கசிவும் இருந்தன. கேமராவில் எடுத்த படத்தை அச்சிட்டுக் கொடுத்தார்கள். வெளிர் சிவப்புச் சுவரில், முருங்கை மரத்துப் பிசின் போல அது பளபளத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை பாடுபடுத்தியது இதுதானா என்று கோபம்கூட வந்தது.

எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்பினார்கள். அந்தச் சொல் காதில் விழுந்ததுமே அம்மா "அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருக்குமோ?" என்று அழ ஆரம்பித்துவிட்டார். எந்தப் பாலிப்பை எடுத்தாலும் சோதனைக்கு அனுப்புவது வழக்கம் என்று எத்தனை சொல்லியும், ரிப்போர்ட் வரும்வரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. சாதாரண பாலிப், அணுக்களில் மாறுபாடு இல்லை என்று வந்தது.

இரும்புச்சத்து மாத்திரையில் ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டிவிட்டது. பாலிப் திரும்பவும் வரலாம். வந்தால் கர்ப்பப்பைக்குள் ஹார்மோனைச் சிறிது சிறிதாக வெளியிடும் கருத்தடைச் சாதனத்தைப் பொருத்துவது பற்றி யோசிக்கலாம் என்றிருக்கிறார் மருத்துவர். அடுத்த ஸ்கேனுக்குத் தேதி கேட்டேன். தேதியெல்லாம் தரவில்லை, விலக்கு வந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.