பாப்பாவுக்கு ஒரு குரோஷே முயல்

பிறந்த குழந்தைக்குப் பரிசு என்றால் நான் எடுப்பது குரோஷே ஊசியைத்தான், அதாவது நூலால் பொம்மை பின்னுகிற கொக்கி ஊசி. முயலோ கரடியோ, கண்ணுக்கு மட்டும் பிளாஸ்டிக் வைக்கவே மாட்டேன். 'சேஃப்டி ஐஸ்' (பாதுகாப்பான பொம்மைக் கண்கள்) என்று விற்றாலும் சரி, 3 வயதுக்குள் இருக்கும் குழந்தை எதையும் வாயில்தான் வைக்கும், கழன்று வந்தால் தொண்டையில் சிக்கிவிடும், அதனால் கறுப்பு நூலால் தைத்துவிடுவேன். (பார்க்கவும் அதுதான் அழகு, என் கட்சி அது.) நூல் பருத்தியாக இருக்கட்டும், ரோமம் உதிர்கிற ரகம் வேண்டாம். அப்புறம், நூல்கண்டின் லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருந்தால் நான் 3 அல்லது 2.5-க்கு இறங்கிவிடுவேன், பின்னல் நெருக்கமாக விழும், இழுத்துப் பார்த்தாலும் உள்ளே இருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது. காது, கால் தைக்க நூலை நீளமாக விட்டு, இரண்டு சுற்று தைத்து, முனையை உடம்புக்குள் இழுத்துவிடுங்கள். ரிப்பன், பட்டன் எதுவும் வேண்டாம். எப்படித் துவைப்பது என்று ஒரு சீட்டும் கூட வைத்துவிடுங்கள்.