வேலை கிடைத்த பிறகு வந்த கோபம்

தீவிர வலதுசாரிக் கட்சி எந்த நாட்டில் வளர்ந்தாலும் நம்மிடம் ஒரே பதில்தான் இருக்கிறது: வேலை இல்லை, கையில் காசு இல்லை, அதனால் மக்கள் அந்தப் பக்கம் சாய்கிறார்கள். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கிழக்கு ஜெர்மனியில் இந்தக் கணக்கு உதைக்கிறது.

2005-ல் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வேலை இல்லை. இன்று அங்கே வளர்ந்து நிற்கும் ஏஎஃப்டி என்ற தீவிர வலதுசாரிக் கட்சியே அப்போது கிடையாது. (என்பிடி என்ற நவநாஜிக் கட்சி 2004-ல் கிழக்கு மாநிலமான சாக்சனியில் 9.2 சதவீதம் வாங்கியது உண்மைதான், ஆனால் அது எங்கே, இது எங்கே.) இன்று வேலையின்மை ஏழு, எட்டு சதவீதத்தை ஒட்டி இருக்கிறது, பல இடங்களில் வேலைக்கு ஆள்தான் கிடைப்பதில்லை. இப்போது போய் 2024 செப்டம்பரில் துரிங்கியா என்ற கிழக்கு மாநிலத்தின் தேர்தலில் ஏஎஃப்டி 32.8 சதவீத வாக்குடன் முதலிடம் பிடித்தது.

அப்படியானால் கோபம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1990-ல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபோது கிழக்கின் அரசு ஆலைகளெல்லாம், கிட்டத்தட்ட 40 லட்சம் தொழிலாளர்களோடு, அவற்றைத் தனியாருக்கு விற்கும் ட்ராய்ஹாண்ட் என்ற அரசு அமைப்பின் கைக்குப் போயின. விற்க முடிந்ததை விற்றார்கள், மற்றதை மூடினார்கள். 1994 முடிவதற்குள் அவற்றில் பெரும்பாலான வேலைகள் காணாமல் போய்விட்டன. செழித்துப் பூக்கும் நிலங்களாக இந்த மாநிலங்கள் மாறும் என்று அன்றைய ஜெர்மன் சான்சலர் (பிரதமர்) ஹெல்முட் கோல் சொல்லியிருந்தார். ஆலைகளை வாங்கியவர்கள் பெரும்பாலும் மேற்கு ஜெர்மானியர்கள், அப்புறம் நீதிபதி, பேராசிரியர், மேலதிகாரி என்று வந்து உட்கார்ந்தவர்களும் பெரும்பாலும் அவர்களே. இன்றுவரை இந்த நிலை பெரிதாக மாறவில்லை.

துரிங்கியாவில் பிஷோஃபெரோட என்ற சிற்றூரில் ஒரு பொட்டாஷ் (உரத்துக்கான உப்பு) சுரங்கம் இருந்தது. அதை மூடப்போகிறார்கள் என்றதும் 1993 ஜூலையில் தொழிலாளர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். நாடே திரும்பிப் பார்த்தது. ஆண்டின் கடைசி நாளோடு சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கிழக்கு, மேற்கு பொட்டாஷ் நிறுவனங்களை இணைத்த ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பது பல ஆண்டுகள் வெளியே வரவே இல்லை. ஊரில் இருந்த இளைஞர்கள், அதிலும் பெண்கள், மேற்கே போய்விட்டார்கள். போன பிள்ளைகள் திரும்பவில்லை, பள்ளிக்கூடம் மூடப்படுகிறது, பஸ் குறைகிறது. பிறகு வேலை வந்தாலும், "எங்களிடம் யாரும் கேட்கவில்லை" என்ற நினைப்பு போகாது. என் பார்வையில் ஏஎஃப்டி அறுவடை செய்வது இதைத்தான்.

அந்தக் கோபம் வலதுசாரியாகத்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. அந்தச் சுரங்கப் போராட்டத்தில் தொழிலாளர்களோடு நின்ற போடோ ராமெலோ என்ற தொழிற்சங்கக்காரர் 2014-ல் இடதுசாரிக் கட்சி சார்பில் அதே துரிங்கியாவின் முதல்வரானார். 2019-ல் அவர் கட்சிக்கு 31 சதவீதம், 2024-ல் 13.1. ஆட்சியில் உட்கார்ந்த பிறகு எதிர்ப்புக் குரல் யாருக்குச் சொந்தம்? அந்தக் காலி இடத்தில் ஏஎஃப்டி வந்து நின்றது. வேடிக்கை என்னவென்றால், 2013-ல் யூரோ நாணயக் கொள்கையை எதிர்த்து இந்தக் கட்சியைத் தொடங்கியவர் ஹாம்பர்க் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். துரிங்கியாவில் அதன் முகமான பியோர்ன் ஹெக்கேவும் மேற்கிலிருந்து வந்த ஆசிரியர். 1989-ல் கம்யூனிஸ்ட் அரசுக்கு எதிராகத் தெருவில் எழுந்த "நாங்களே மக்கள்" என்ற கோஷத்தை இவர்கள் அகதிகளுக்கு எதிராகத் திருப்பிக்கொண்டார்கள். அகதி எதிர்ப்பு இத்தனை தூக்கலாக இருக்கும் கிழக்கு மாநிலங்களில் வெளிநாட்டவர் விகிதம் மேற்கைவிடக் குறைவு என்பது தனிக் கதை.

இதற்காக வாக்காளர்களைப் பாவம் என்று சொல்லித் தட்டிக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. துரிங்கியா ஏஎஃப்டியைத் தீவிர வலதுசாரி அமைப்பு என்று அந்த மாநில உளவுத்துறை 2021-லேயே அறிவித்துவிட்டது. நாஜிகளின் எஸ்ஏ படை பயன்படுத்திய கோஷத்தைச் சொன்னதற்காக 2024 மே மாதம் ஹெக்கேவுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டது. நான்கே மாதத்தில் அந்த 32.8. தெரியாமல் போட்ட ஓட்டு அல்ல அது.

மற்ற கட்சிகள் என்ன செய்தன? அதே பாட்டைக் கொஞ்சம் மெதுவாகப் பாடின. 2025 ஜனவரியில், அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பழமைவாதக் கட்சியின் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ், நாடாளுமன்றத்தில் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் ஒன்றை ஏஎஃப்டி ஓட்டுகளையும் சேர்த்து 348-க்கு 344 என்று நிறைவேற்றிக் காட்டினார். அடுத்த மாதம் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் ஏஎஃப்டி தன் பங்கை இரட்டிப்பாக்கி 20.8 சதவீதத்துக்கு வந்தது. அசல் கடையே திறந்திருக்கும்போது நகலை யார் வாங்குவார்கள்.

அந்தத் தேர்தலில் துரிங்கியாவில் ஏஎஃப்டிக்கு 38.6 சதவீதம். அதே மாநிலத்தின் தலைநகர் எர்ஃபுர்ட்டில் நேரடித் தொகுதியை வென்றவர் ராமெலோ. அவர் கட்சி அந்த முறை வீடுவீடாகப் போய்க் கதவைத் தட்டி, வீட்டு வாடகையையும் விலைவாசியையும் பற்றித்தான் பேசியது.