எவ்வளவு செவ்வொளி?

எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஆயாவுக்கு 77 வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகராட்சித் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் பிறந்தவர். 1960களில் அங்கிருந்த மக்களைச் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்தபோது பெற்றோருடன் இங்கே வந்து சேர்ந்தவர். தூத்துக்குடியிலிருந்து வந்து 19 ஆண்டுகளாக இந்த ஊரில் இயற்பியல் கற்பிக்கும் என்னோடு, எங்கள் தெருவில் தமிழிலேயே பேசுகிறவர் அவர் ஒருவர்தான். ஆகவே போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அவர் பேரன் வந்து, புதிதாக வாங்கிய விளக்கு ஒன்று பழுதாக இருக்கிறது, ஆயா உங்களைக் கூப்பிடுகிறார் என்றதும், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை மூடி வைத்துவிட்டுப் போனேன்.

ஆயாவின் முழங்கால் வலிக்காகப் பேரன் இணையத்தில் தருவித்த செவ்வொளிப் பலகை அது. ஒரு பெரிய புத்தகத்தின் அகலத்தில் வரிசை வரிசையாக எல்.இ.டி. விளக்குகள்; அவற்றில் பாதி செக்கச்செவேல் என்று எரிந்தன, மறுபாதி கறுத்துக் கிடந்தன. "பாதி எரியலையே தம்பி, புள்ள காசு வீணாப் போச்சே" என்று ஆயா வருந்தினார். நான் கைப்பேசியை எடுத்து, அதன் முன்பக்கக் கேமராவைப் பலகைக்கு நேரே திருப்பித் திரையைக் காட்டினேன். கறுத்துக் கிடந்த விளக்குகள் அத்தனையும் திரையில் வெளிறிய ஊதா நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. அவை 850 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட அண்மை அகச்சிவப்பு விளக்குகள். நம் கண்ணுக்கு அந்த ஒளி தெரியாது, கேமராவின் உணரிக்குத் தெரியும். ஆயா திரையையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கண்ணுக்கே தெரியாத வெளிச்சம் காலுக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று திண்ணையில் அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

இருட்டறையில் கைப்பேசி டார்ச்சின் மேல் விரல்களைச் சேர்த்து வைத்துப் பாருங்கள். டார்ச்சிலிருந்து வருவது வெள்ளை ஒளி. விரலின் மறுபுறம் வெளிவருவது சிவப்பு மட்டுமே. நீலமும் பச்சையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினிலும் தோலிலுள்ள மெலனினிலும் பெரும்பாலும் சிக்கிக்கொள்கின்றன. சிவப்பும் அதற்கு அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பும் சதைக்குள் சிதறியபடியே ஓரளவு தூரம் போகின்றன. அதற்கும் அப்பால் அலைநீளம் கூடக்கூட உடம்பிலுள்ள நீர் ஒளியைக் குடித்துவிடுகிறது. ஏறக்குறைய 600 முதல் 1100 நானோமீட்டர் வரையிலான இந்த இடைவெளியை அறிவியலாளர்கள் ஒளிச்சாளரம் என்கிறார்கள். இவ்வகைக் கருவிகளில் 630 முதல் 660 வரையிலான சிவப்பும் 810 முதல் 850 வரையிலான அகச்சிவப்புமே பெரும்பாலும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

உள்ளே போன ஒளி என்ன செய்கிறது? நம் செல்களில் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவில், நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனைக் கடைசியாகப் பயன்படுத்துகிற சைட்டோகுரோம் சி ஆக்சிடேஸ் என்னும் நொதி இருக்கிறது. இரும்பும் செம்பும் கொண்ட அந்த நொதி, சிவப்பையும் அண்மை அகச்சிவப்பையும் ஈர்க்கக்கூடியது. நோயாலோ காயத்தாலோ தளர்ந்த செல்லில் நைட்ரிக் ஆக்சைடு அந்த நொதியில் ஒட்டிக்கொண்டு ஆக்சிஜனின் வழியை அடைத்துவிடுகிறது என்றும், ஒளி பட்டதும் அது விலகுகிறது என்றும், அதன்பின் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. கூடுதலாக உற்பத்தியாகிறது என்றும், விலகிய நைட்ரிக் ஆக்சைடு அருகிலுள்ள இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்றும் விளக்கம் சொல்லப்படுகிறது. ரஷ்ய அறிவியலாளர் டீனா காரு இந்த நொதியை முன்னிறுத்திப் பல ஆண்டுகள் உழைத்தார். ஆனால் அந்த நொதி இல்லாத செல்களும் செவ்வொளிக்கு எதிர்வினை காட்டிய சோதனைகள் உண்டு. ஆகவே இந்தக் கதை இன்னும் முடியவில்லை. விளம்பரங்களில் இது முடிந்த கதையாகவே சொல்லப்படுவதுதான் எனக்கு வருத்தம்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பதினோராம் வகுப்பில் லேசர் பாடம் வரும்போதெல்லாம் தவறாமல் சொல்வேன். தியோடர் மைமன் 1960இல் முதல் ரூபி லேசரை எரியவிட்டு ஏழாண்டுகள் ஆனபின், புதாபெஸ்ட் நகரில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், லேசர் ஒளி புற்றுநோயை உண்டாக்குமா என்று அறிய எலிகளின் முதுகு மயிரை மழித்து ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வரவில்லை; ஒளி பட்ட எலிகளுக்கு மயிர் மற்றவற்றைவிட விரைவாக வளர்ந்தது. அவரிடம் இருந்த லேசர் வலுக் குறைந்தது. வலுவான லேசராக இருந்திருந்தால் தோல் வெந்திருக்கும், இந்த விளைவு கண்ணில் பட்டே இருக்காது. பலவீனமான ஒளியால்தான் இந்தத் துறையே பிறந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். பிற்பாடு 1990களில், விண்வெளியில் செடி வளர்ப்பதற்காக நாசா உருவாக்கிய சிவப்பு எல்.இ.டி. விளக்குகளைக் காயங்களை ஆற்றுவதற்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். விலை உயர்ந்த லேசரிலிருந்து மலிவான விளக்குக்கு இந்தச் சிகிச்சை இறங்கி வந்தது அப்படித்தான்.

இங்கே ஒரு சின்ன விலகல். செவ்வொளி மருத்துவத்துக்கு நூறாண்டு வரலாறு உண்டு என்று சொல்கிறவர்கள் டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனைக் காட்டுவார்கள். தோல் காசநோயை ஒளியால் குணப்படுத்தியதற்காக 1903இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். பெரியம்மை நோயாளிகளைச் சிவப்புத் திரையிட்ட அறையில் வைத்தால் தழும்பு குறையும் என்று 1893இல் எழுதியதும் அவரே. ஆனால் அந்த அறையில் சிவப்பு மருந்தாக நினைக்கப்படவில்லை. நீலமும் ஊதாவும் கொப்புளத்துக்குக் கெடுதல், அவற்றைத் தடுக்கச் சிவப்புத் துணி உதவும் என்பதே அவர் எண்ணம். ஆயாவிடம் இதைச் சொன்னபோது, சிறுவயதில் தனக்கு அம்மை போட்டிருந்தபோது வாசலில் வேப்பிலை கட்டி, உடம்பில் வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, தலைக்குத் தண்ணீர் விட்டபின் இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார்கள் என்றார். அந்தக் காலத்துச் சிவப்பு அறைக்கும் இன்றைய பலகைக்கும் நிறம் மட்டுமே பொது.

இனி அளவுக்கு வருகிறேன். நான் இந்தப் பதிவை எழுதுவதே இதற்காகத்தான்.

ஆயாவின் பலகையோடு வந்த தாளில், 15 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட் என்றும், நாள்தோறும் 20 நிமிடம் காட்டலாம் என்றும் அச்சிட்டிருந்தது. 100 மில்லிவாட் என்பது வினாடிக்கு 0.1 ஜூல், 20 நிமிடம் என்பது 1200 வினாடி. பெருக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 120 ஜூல். டர்பனின் உச்சிவெயிலும், எல்லா நிறங்களையும் சேர்த்து, ஏறக்குறைய அதே 100 மில்லிவாட்தான். ஒரு சின்னப் பலகை உச்சி வெயிலுக்கு நிகரான ஆற்றலை ஒன்றிரண்டு நிறங்களிலேயே கொட்டுகிறது என்றால் அந்த எண்ணைச் சந்தேகிக்க வேண்டும். சூரிய ஒளியை அளக்கும் மலிவான மீட்டரை எல்.இ.டி. பலகையின் முன் வைத்தால் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் என்பது இத்துறையில் தெரிந்த விஷயம். பல தாள்களில் உள்ள எண்கள் அப்படி வந்தவைதாம்.

எண் கூடினால் நல்லதுதானே என்று பேரன் கேட்டான். இதற்குப் பதில் நம் நாட்டிலேயே இருக்கிறது. ஜொஹானஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் லேசர் ஆய்வு மையத்தில் பேராசிரியர் ஹைடி ஆப்ரஹாம்ஸும் அவருடன் பணிபுரிவோரும், காயத்தை மூடும் தோல் செல்களை ஆய்வகத் தட்டில் வளர்த்து, நடுவே கீறிக் காயம் போலாக்கி, 632.8 நானோமீட்டர் செவ்வொளியை வெவ்வேறு அளவுகளில் பாய்ச்சிப் பார்த்திருக்கிறார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 5 ஜூல் கொடுத்தபோது செல்கள் விரைந்து நகர்ந்து கீறலை மூடின. 16 ஜூல் கொடுத்தபோது செல்கள் சேதமடைந்தன. அதே ஒளி, அதே நிறம், மூன்று மடங்கு அளவு, முற்றிலும் எதிரான விளைவு. தட்டிலுள்ள செல்லும் தோலுக்கு அடியிலுள்ள மூட்டும் ஒன்றல்ல; மேலே விழும் ஒளியில் சிறு பகுதியே ஆழத்துக்குப் போகும் என்பதால் இந்த எண்ணை அப்படியே முழங்காலுக்குப் பொருத்த முடியாது. ஆனால் கூடுதல் ஒளி கூடுதல் நன்மை தராது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் பார்த்ததில்லை. நிறமுள்ள தோலுக்கு இன்னொன்றும் உண்டு: மெலனின் ஒளியை ஈர்ப்பதால், நம்மைப் போன்ற கறுத்த தோல், வெளுத்த தோலைவிடக் குறைந்த அளவையே தாங்கும்.

பலன்களைப் பற்றிச் சொல்வதானால், எனக்குத் தெரிந்தவரை மிக உறுதியான இடம் முகப் பளபளப்பு அன்று, புற்றுநோய் மருத்துவமனை. கழுத்திலும் வாயிலும் கதிர்வீச்சு பெறுகிறவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்றத்துக்காகக் கடும் மருந்து ஏற்றப்படுகிறவர்களுக்கும் வாய் முழுவதும் வெந்து புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கவும் முடியாது. வாய்க்குள் அளந்து செலுத்தும் செவ்வொளி அந்தப் புண் வராமல் காக்க உதவுகிறது என்று பன்னாட்டு மருத்துவ வழிகாட்டிகளே பரிந்துரைக்கின்றன. இங்கிலாந்தில் மருத்துவ முறைகளை மதிப்பிடும் நைஸ் அமைப்பும் 2018இல் இதைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. அடுத்ததாக வலி. 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த தொகுப்பாய்வு, நாள்பட்ட கழுத்து வலி சிகிச்சை முடிந்தபின்னும் 22 வாரம் வரை குறைந்திருந்ததைக் காட்டியது. முழங்கால் தேய்மானத்துக்கு 2019இல் வந்த தொகுப்பாய்வில், 785 முதல் 860 வரையிலான அலைநீளத்தில் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல் கொடுத்தபோது வலி குறைந்தது. ஆனால் இவை தோலில் தொட்டு வைத்த லேசர் கருவிகள். ஒரு சாண் தள்ளி நிற்கும் பலகைக்கு அதே பலன் உண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மயிர் வளர்ச்சிக்கான லேசர் சீப்புக்கு அமெரிக்காவில் 2007இலேயே விற்பனை அனுமதி கிடைத்தது. மெஸ்டரின் எலிகளை நினைத்தால் அதில் வியப்பில்லை. முகச் சுருக்கம் ஓரளவு குறையலாம்.

கண்ணை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். லண்டன் யூ.சி.எல். பல்கலைக்கழகத்தில் 2020இல் 24 பேரிடம் 670 நானோமீட்டர் ஒளியை நாளுக்கு 3 நிமிடம் காட்டியபோது, 40 வயதைத் தாண்டியவர்களுக்கு நிறம் பிரித்தறியும் திறன் சற்றுக் கூடியது. இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டுப் பலகையை உற்றுப் பார்க்க வேண்டாம். அங்கே பயன்படுத்தியது அளந்து தயாரித்த சிறு டார்ச். இங்கே பாதி ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, கூசாததால் இமை தானாக மூடாது. சீனாவில் பிள்ளைகளின் கிட்டப்பார்வைக்குச் செவ்வொளிக் கருவி பரவலானபின், விழித்திரை சேதமடைந்த ஒரு சிறுமியைப் பற்றிய மருத்துவக் குறிப்பும் வெளிவந்திருக்கிறது.

அன்று மாலை இவ்வளவும் பேசி எழுந்தபோதுதான் ஆயாவின் வலது காலைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில், பாதத்தில், ஒரு ரூபாய் நாணய அளவுக்குக் கூட இல்லாத புண். சுற்றிலும் தோல் தடித்து வெளுத்திருந்தது. செருப்பு அழுத்தி வந்தது, வலியே இல்லை, முழங்காலோடு இதற்கும் விளக்கைக் காட்டினால் ஆறிவிடும் என்று அந்தத் தாளில் போட்டிருக்கிறது என்றார்கள். தாளை வாங்கிப் பார்த்தேன். நீரிழிவு உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட நோய்களின் பெயர்கள் இருந்தன. எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் அந்தக் கோபம் தணியவில்லை. இருபது ஆண்டாகச் சர்க்கரை உள்ளவருக்கு வலியே இல்லாத புண் என்றால் நரம்பு உணர்விழந்துவிட்டது என்று பொருள். உணர்வில்லாத காலில் பலகையின் சூடும் தெரியாது. வெந்த பிறகுதான் தெரியும். நீரிழிவுப் புண்ணுக்குச் செவ்வொளி உதவுமா என்பதை ஜொஹானஸ்பர்க்கில் அத்தனை கவனமாக ஆராய்கிறார்கள். ஆனால் மருத்துவர் கையில் அளந்து தரும் ஒளிகூட, இறந்த தோலைச் சீவுவதற்கும், பாதத்தின் மேல் விழும் அழுத்தத்தை நீக்குவதற்கும், இரத்த ஓட்டத்தையும் தொற்றையும் பார்ப்பதற்கும், சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்கும் துணையாகத்தான் வரும். அவற்றுக்குப் பதிலாக வந்தால் விரல் போய்விடும். "ஆயா, முழங்காலுக்கு வேணும்னா காட்டுங்க, பாதத்துக்கு மட்டும் வேண்டாம், திங்கட்கிழமை காலையில நானே கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் தமக்கைக்கு அப்படித்தான் கால் எடுத்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

திங்களன்று போனோம். செவிலியர் ஒளி புகும் தாளைப் புண்ணின் மேல் வைத்துப் பேனாவால் அதன் ஓரத்தை வரைந்து, தேதி எழுதிக் கோப்பில் வைத்தார். செருப்புக்குள் அந்த இடத்தில் மட்டும் குழிவாக வெட்டிய மெத்தை வந்தது. இன்சுலின் அளவும் மாறியது. போன வியாழக்கிழமை நான்காவது தாளை முதல் தாளின் மேல் வைத்துக் காட்டினார்கள்; கோடு எல்லாப் பக்கமும் உள்ளே வந்திருந்தது.

முழங்காலுக்கு ஆயா இப்போது மாலையில் 5 நிமிடம் மட்டும் பலகையைக் காட்டுகிறார். பாதத்தின் மேல் ஒளி படாதபடி தடித்த துண்டு, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, நேரத்துக்கு அடுப்பங்கரைக் கடிகாரம். வலி குறைந்திருக்கிறது என்கிறார். அது ஒளியாலா, குழிவெட்டிய செருப்பால் நடை சீரானதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆறு வாரம் பார்த்துவிட்டு, ஒரு வாரம் நிறுத்திப் பார்ப்பதாக முடிவு செய்திருக்கிறோம். ஒவ்வொரு மாலையும் தொடங்கும் முன், கறுத்த விளக்குகள் எரிகின்றனவா என்று கைப்பேசியில் காட்டச் சொல்லிப் பேரனைக் கூப்பிடுகிறார்.