ஓர் 'உம்'

மலேசியத் தமிழ்க் கதை ஒன்றை மலாய்க்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். தமிழில் ஒரு வாக்கியம் இப்படி இருந்தது: "இது நம்ம நாடுதானே ஐயா?" ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருஷம் பெரட்டுக்கு (காலை ஆள்கணக்குக்கு) நின்று பால்வெட்டிய கிழவி, நிரந்தரவாசியின் சிவப்பு ஐசியை (அடையாள அட்டையை) குடியுரிமை உள்ளவர்களின் நீல ஐசியாக மாற்றித் தரச்சொல்லி கவுண்டரில் நின்று கேட்பது. கதையின் உயிரே அந்த வரிதான். மலாயில் "இனி நெகாரா கித்தா, கான், துவான்?" என்று போட்டிருந்தேன். நமக்கு 'நாம்', 'நாங்கள்' என்று இரண்டு இருப்பதுபோல மலாய்க்கும் உண்டு: கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் 'கித்தா', சேர்க்காவிட்டால் 'காமி'. ஆங்கிலத்தில் இது வரவே வராது. அன்றைக்கு எனக்கு அத்தனை சந்தோஷம்.

பதிப்பாசிரியர் தாளை என் பக்கம் நகர்த்தினார். 'கித்தா'வைச் சுற்றிப் பென்சில் வட்டம்.

"காக் (அக்கா), இதில் அந்த குமாஸ்தாவும் சேர்த்தியா?"

"ஆமாம்."

"சிவப்பு ஐசிக்காரர் அப்படிச் சொல்வாரா? படிக்கிறவர்கள் நம்புவார்களா?"

அவர் குரலில் ஏளனம் இல்லை. அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். என்னிடம் பதிலும் இருந்தது. கவுண்டரில் இருப்பவனுக்கு அவள் பேரன் வயது. இந்த மண்ணில் பிறந்தவள், அவனையும் சேர்த்துத்தான் 'நம்ம' என்கிறாள், அவளுக்கு அப்படித்தான் வரும். இதில் ஒரு வார்த்தைகூட என் வாயிலிருந்து வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் வரி "சாயா ஓராங் சினி ஜுகா" என்று ஆகிவிட்டது. நானும் இந்த ஊர்க்காரிதான். அவர் சொன்னார், நான் தலையாட்டினேன்.

ஜுகா. ஓர் 'உம்'. வீட்டுக்காரியாகப் பேசியவள் வாசல்படியில் நின்று இடம் கேட்பவளாகிவிட்டாள்.

பயம் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. 2011இல் ஐந்தாம் படிவப் பாடநூலாக வந்த 'இந்தர்லோக்' நாவலில் 'பறையா' என்ற சொல்லுக்கு எழுந்த கொந்தளிப்பைப் பார்த்தவர்கள் நாங்கள். அதற்குப் பிறகு இனம் தொடர்பான எந்த வரியையும் எங்கள் துறையில் யாரும் சாதாரணமாகத் தொடுவதில்லை. ஒரு வரிக்காக மல்லுக்கு நின்று, கதையையே தூக்கிவிட்டால்? இங்கே தேசிய இலக்கியம் என்றால் மலாயில் எழுதியது. தமிழில் எழுதினால் 'சஸ்தெரா சுக்குவான்', ஓர் இனப்பிரிவின் இலக்கியம். 1981இல் தொடங்கிய தேசிய இலக்கியவாதி விருது ஒரு பெண்ணுக்கு, சுரினா ஹசானுக்கு, கிடைக்க 2015 வரை ஆனது. அவர் மலாயில் எழுதுகிறவர். தமிழில் எழுதும் பெண்ணுக்கு அந்த வரிசையில் நிற்கவே இடமில்லை. அப்படியிருக்க, ஒரு தோட்டத்துப் பெண்ணின் கதை மலாயில் அச்சேறுவது சின்ன விஷயமா? நான் செய்தது சரிதான் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தக் கிழவிக்கு ஏன் நீல ஐசி இல்லை என்பதையும் கதை சொல்கிறது. மெர்டேக்கா, அதாவது நாடு சுதந்திரமடைந்த சமயத்தில் புருஷன் மட்டும் டவுனுக்குப் போய்ப் பதிந்துகொண்டு வருகிறார். "பொம்பளைக்கு எதுக்கு அதெல்லாம், நான்தான் இருக்கேனே" என்கிறார். கதைதான், ஆனால் வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. நீல ஐசி உள்ள தாய்க்கே வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குத் தன் குடியுரிமை தானாகப் போய்ச் சேர, 2024இல்தான் அரசியலமைப்பைத் திருத்தினார்கள். தகப்பனுக்கு அந்த உரிமை முன்பே இருந்தது. முதலில் புருஷன் அவளுக்காகப் பேசினார். பிறகு மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து நாங்கள் பேசினோம். அதில் நானும் ஒரு பெண்.

புத்தகம் வந்ததும் கதையை எழுதிய டீச்சருக்குப் போன் போட்டேன். பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.

"அந்த 'ஜுகா' யாரும்மா போட்டது?"

"பதிப்பாசிரியர், டீச்சர். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "சரி, வரட்டும். வந்ததே பெருசு" என்றார். நான் சொன்ன இரண்டு வாக்கியங்களில் இரண்டாவது பொய் என்று அப்போதே எனக்குத் தெரியும். முதலாவது, பதிப்பாசிரியர் போட்டது என்பது, உண்மை என்றுதான் இருந்தேன்.

போன மாதம் அலமாரியைச் சுத்தம் செய்தபோது அந்தத் தாள் கிடைத்தது. பென்சில் வட்டம் இருந்தது, பக்கத்தில் அவருடைய கேள்விக்குறி. அவர் கை பட்டது அவ்வளவுதான். கீழே நீல மையில் "சாயா ஓராங் சினி ஜுகா" என்று எழுதியிருப்பது என் கையெழுத்து. அவர் வாயால் சொல்ல நான் எழுதினேனா, அவர் கேட்டு முடிப்பதற்குள் நானாகவே எழுதி நீட்டினேனா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. 'ஜுகா'வுக்குக் கீழே ஒரு கோடு வேறு போட்டிருக்கிறேன், அழுத்தமாக, மறுபக்கம் தெரிகிற அளவுக்கு.

டீச்சருக்கு இன்னும் போன் போடவில்லை.