இணைப்பின் வேகத்தைக் கூட்டும் முன்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தின் அலுவலக நெட்வொர்க்கைச் சீரமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, இணைய இணைப்பை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு உயர்த்துவது என்று நிர்வாகம் ஏறக்குறைய முடிவு செய்திருந்தது. கணக்குப் பிரிவில் டேலி என்ற கணக்கு மென்பொருள் அடிக்கடி நின்றுவிடுகிறது, பேட்டர்ன் பிரிவில் கோப்பைச் சேமிக்க நெடுநேரமாகிறது, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவில் பையருடன் (வாங்குபவருடன்) பேசும் வீடியோ அழைப்பு துண்டு துண்டாகக் கேட்கிறது என்று மூன்று பக்கமிருந்தும் புகார் வந்துகொண்டிருந்தது. ஆனால் டேலியின் தரவும் பேட்டர்ன் கோப்புகளும் அதே கட்டடத்திலிருந்த சர்வரில்தான் இருந்தன. கணக்குப் பிரிவுக்கும் சர்வருக்கும் இடையே போகும் தரவு இணையத்தைத் தொடுவதே இல்லை என்பதால், வெளி இணைப்பை எவ்வளவு பெரிதாக்கினாலும் முதல் இரண்டு புகார்களும் அப்படியே நீடிக்கும் என்பதை முதலில் விளக்க வேண்டியிருந்தது.

கணக்குப் பிரிவின் ஒரு கணினியிலிருந்து சர்வருக்கு பிங் (சிறு செய்தி அனுப்பி, பதில் வரும் நேரத்தை அளக்கும் சோதனை) கொடுத்து நீண்ட நேரம் ஓடவிட்டேன். நல்ல நிலையிலுள்ள கம்பிவழி நெட்வொர்க்கில் ஒரு மில்லி நொடிக்குள் பதில் வர வேண்டும். ஒன்றுகூடத் தவறக் கூடாது. இங்கே நூற்றுக்கு இரண்டு மூன்று பாக்கெட்டுகள், அதாவது தரவின் சிறு பொட்டலங்கள், தொலைந்துகொண்டிருந்தன. கேட்பதற்குச் சிறிய இழப்புதான். ஆனால் பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று எண்ணித் தன் வேகத்தைத் தானே வெட்டிக்கொள்வது, தரவை அனுப்பும் விதிமுறையான டிசிபியின் இயல்பு. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1986-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்ததைக் கண்ட கணினி ஆய்வாளர் வான் ஜேக்கப்சன், 1988-இல் இந்தக் கட்டுப்பாட்டு முறையை வெளியிட்டார். நெரிசலுக்காக வகுத்த அந்த ஒழுக்கம், பழுதான கேபிளையும் நெரிசல் என்றே எண்ணிக்கொள்கிறது.

பழுது எங்கே என்பதற்கான குறிப்பைக் கொடுத்தவர் அங்கே பில் போடும் அம்மாதான். "பக்கத்துச் சேர் நகர்ந்தா டேலி நின்னுருதுங்க சார்" என்று அவர் பலமுறை சொல்லியும் யாரும் காதில் வாங்கவில்லை. குனிந்து பார்த்தபோது கேபிள் நாற்காலிச் சக்கரத்தின் வழியிலேயே கிடந்தது. மேலுறை நசுங்கி, உள்ளே பழுப்பு இணையின் ஒரு கம்பி அறுந்திருந்தது. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு இணைக் கம்பிகள் போதும். அதன் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்கு நான்கு இணைகளும் வேண்டும். ஓர் இணை போனால், கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகள் பல சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும்; விளக்கு எரிந்துகொண்டே இருப்பதால் எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். வெட்டிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கம்பி செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று வாங்கியிருக்கிறார்கள். அது எளிதில் முறியும், மின்தடையும் அதிகம். அந்தப் பிரிவு முழுவதும் முழுச் செம்பாலான கேட் 6 தர நெட்வொர்க் கேபிள் இழுத்து, மின்கம்பிகளோடு ஒரே குழாயில் போனவற்றைத் தனியே பிரித்தோம்.

மேசைக்கடியில் கிடந்த ஐந்து போர்ட் சுவிட்சுகளைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. இடம் போதாதபோதெல்லாம் ஆளுக்கொன்றாக வாங்கிச் சேர்த்திருந்தார்கள். ஒரு முனை சுவிட்சில் இருக்க, மறுமுனை தொங்கிக்கொண்டிருந்த வயரைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் அக்கறையோடு அதே சுவிட்சில் செருகிவிட, அலுவலகம் முழுவதும் நின்றுபோனது. இணையத்தில் போகும் ஐபி பாக்கெட்டுக்கு, இத்தனை ரூட்டர்களைத் தாண்டியதும் முடி என்ற வரம்பு உண்டு. அலுவலகக் கேபிள்களில் அதைச் சுமந்து போகும் ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. ஒருமுறை லூப் (சுற்றுப்பாதை) உருவானால், எல்லாக் கணினிகளுக்கும் போகும் பிராட்காஸ்ட் ஃபிரேம்கள் பெருகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்கு 1985-லேயே கணினி அறிஞர் ரேடியா பெர்ல்மன், லூப்பைக் கண்டு அந்த வழியை அடைத்துவிடும் ஸ்பானிங் ட்ரீ முறையைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த வசதியுள்ள, நாமே அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சுகள் இன்று சிறிய அலுவலகத்துக்கும் எட்டும் விலையில் கிடைக்கின்றன. அந்தப் பணியாளரைக் குறை சொல்ல இடமே இல்லை. ஒரு வயரைச் செருகியதில் அலுவலகமே நிற்குமானால் பிழை அமைப்பினுடையது.

வீடியோ அழைப்பு ஒன்றுதான் உண்மையில் வெளி இணைப்பைச் சார்ந்தது. அங்கும் சாம்பிள் படங்களைப் பையருக்கு அனுப்பும் வேளையில் மட்டுமே குரல் அறுந்தது. அப்லோட் நிறைந்ததும் ரூட்டரின் வரிசையில் பாக்கெட்டுகள் நீண்டு நிற்க, பிங் நேரம் சில பத்து மில்லி நொடிகளிலிருந்து ஒரு நொடியை நெருங்கியது. வரிசையை நியாயமாகப் பங்கிடும் எஃப்க்யூ கோடெல் முறை 2018-இல் ஆர்எஃப்சி 8290 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளியாகி, இப்போது பல ரூட்டர்களில் இருக்கிறது. அதை இயக்கி, அப்லோட் வரம்பை இணைப்பின் உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்ததும் அழைப்பு தெளிந்தது.

மின்சாரம் இன்னொரு பெரிய பாடு. கணினிகளுக்கெல்லாம் யுபிஎஸ் இருந்தது. முதல் மாடி சுவிட்ச் மட்டும் நேரடிச் சுவர் பிளக்கில் இருந்தது. கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறும் அந்தச் சில நொடிகளில் சுவிட்ச் அணைந்து மறுபடி எழுவதற்குள், திறந்திருந்த கோப்புகள் எல்லாம் கேள்விக்குறியாகும். இதற்குத் தேவைப்பட்டது ஒரு சிறிய யுபிஎஸ் மட்டும்தான். தையல் ஷெட் செப்புக் கேபிளின் 100 மீட்டர் எல்லைக்கு அப்பால் இருந்ததால் அங்கே ஃபைபர் (ஒளியிழைக் கேபிள்) போட்டோம். மின்னல் தாக்கம் செப்புக் கம்பி வழியே வந்து போர்ட்டுகளைச் சுடும் தொல்லையும் அதோடு நின்றது. ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் எண் ஒட்டி, எந்த எண் எங்கே போகிறது என்ற படத்தை, சுவிட்சுகள் இருக்கும் ரேக்கின் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தோம். இரவுப் பணியிலிருக்கும் இளைஞர்கூட இப்போது போனில் "பதினேழாம் நம்பர்ல லைட் எரியலைங்க" என்று சொல்ல முடிகிறது.

கடைசியாகக் கேட்டது மாற்று இணைய இணைப்பு. வேறொரு நிறுவனத்திடமிருந்து இரண்டாவது ஃபைபர் எடுக்க எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கையெழுத்திடும் முன் தெருமுனை வரை நடந்து பார்க்கச் சொன்னேன். முதல் நிறுவனத்தின் கேபிள் தொங்கிய அதே மின்கம்பத்தில்தான் இரண்டாவதும் வர இருந்தது. உயரமாகப் பேல் ஏற்றிய ஒரு லாரி இழுத்தால் இரண்டும் சேர்ந்தே போகும். பேசிப் பார்த்ததில், பின்தெரு வழியாகக் கொண்டுவர அவர்கள் சம்மதித்தார்கள். கூடுதல் கேபிளுக்கான தொகையை நிர்வாகம் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது.