மேற்கே ஒரு குடும்பி

2025 பெப்ரவரி 23, ஞாயிறு

வேளாண்மை வெட்டி முடிந்த வயலில் வரம்போரமாக நின்றபோது மலை தெரிந்தது. மாரி முழுக்க முகில் மூடிக் கிடந்த இடத்தில், இன்று அடிவாரக் காடு எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்கும்படி நீலம் முற்றி நின்றது.

மட்டக்களப்பில் நாங்கள் அதைக் குடும்பிமலை என்கிறோம். சிங்களத்தில் தொப்பிகல, தொப்பிக்கல் என்று பொருள். வெள்ளைக்காரர் வைத்த பெயர் பேரன்ஸ் கேப், அதுவும் தொப்பிதான். மூன்று மொழிக்காரரும் அந்தக் கல்லில் ஒரு தலையைத்தான் பார்த்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு மட்டும் தலையில் முடிந்த குடுமி தெரிந்திருக்கிறது. எனக்கு எங்கள் பெயர்தான் பிடிக்கும். தொப்பியைக் கழற்றி வைக்கலாம், குடுமி கூடவே வளர்வது.

நான் சின்னவனாக இருந்தபோது அது கையால் காட்டுகிற மலை, போகிற மலை அல்ல. 2007 ஜூலை வரை அங்கே இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை. அதற்குப் பிறகும் நான் போகவில்லை. விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்குத்தான் வான் பிடித்தோம். 2524 மீற்றர் உயரப் பிதுருதலாகலையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவனுக்கு, வீட்டு வாசலிலிருந்து தெரிகிற ஐந்நூற்றுச் சொச்ச மீற்றர் மலையின் அடி தெரியாது. அது மனதை உறுத்துகிறது. வாற போயாவுக்கு, பூரணை விடுமுறைக்கு, போகிறோம் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன், போயா

விடிய நாலரைக்குக் கிரானிலிருந்து இரண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். நான், மச்சான், அவருடைய பத்து வயது மகன். புலிபாய்ந்தகல் தாண்டியதும் குளிர் ஏறியது. ரோட்டில் ஆனைப் பிண்டம், இன்னும் ஆவி பறந்தது. மச்சான் வண்டியை நிறுத்தி, விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் நகர்ந்தோம்.

மச்சானுக்கு உறவான மாமா ஒருவர் அடிவாரத்துப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருக்கிறார். தேத்தண்ணீர் தந்துவிட்டு அவரே முன்னால் நடந்தார். காடு தொடங்குகிற இடத்தில் ஒரு குழை முறித்து மரக்கிளையில் செருகினார். பிள்ளையாருக்காம். அவர் சொல்லாமலே மருமகனும் ஒரு குழை முறித்து வைத்தான்.

முதலில் பாலை, வீரை, முதிரை நிழல். பிறகு வெறுங்கல். “செருப்பைக் கழட்டு மனே, கல்லுக்குக் கால்தான் தோது” என்றார் மாமா. நான் கேட்கவில்லை. பத்தடி போகவில்லை, வழுக்கி முழங்கையை உரசிக்கொண்டேன். கழற்றிய பிறகுதான் கல்லின் மேல் தோல் தெரிந்தது. ஓரிடம் உப்புத்தாள் போலச் சொரசொரப்பு, மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புத் தடத்தில் மட்டும் மெழுகு போல வழுவழுப்பு. அந்தக் கறுப்பில் காலை வைக்காமல் ஏறுவதுதான் முழு வித்தையும்.

பாதி உயரத்தில் மாமா விரலை வாயில் வைத்தார். பக்கத்துச் செங்குத்துப் பாறையின் அடியில் மலைத்தேன் வதைகள், முறம் அளவில். ஒன்றின் மேல் தேனீக்கள் அலை போலச் சிலிர்த்தன. ஒரு விளிம்பில் தொடங்கி மறு விளிம்பு வரை போய்த் திரும்பும் சிலிர்ப்பு. பேச்சில்லை, பீடி இல்லை, அப்படியே கடந்தோம்.

உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கல்லில் ஒரு பள்ளம். சாப்பாட்டுக் கோப்பை அகலம், நாலு விரல் ஆழம், மாரித் தண்ணீர் மிச்சம். அதற்குள் தவளைக் குஞ்சுகள் பதினேழு (மருமகன் எண்ணியது). சிலதுக்குப் பின்னங்கால் முளைத்திருந்தது. முகம் கழுவக் கை நீட்டினேன். “வேணாம் மாமா, அதுகள் கால் முளைக்கிற வரைக்கும் தண்ணி காணாது” என்று என் கையைப் பிடித்தான். அதற்காகவே அவனைக் கூட்டி வந்தது சரி.

மேலே நின்றால் கிழக்கே வாவியும் அதற்கப்பால் கடலும் ஒரே வெள்ளைக் கோடு. வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுதும் காட்டுப் பச்சையும் குளத்துத் துண்டுகளுமாகக் கிடந்தது. சுற்றியிருந்ததெல்லாம் கோடிக்கணக்கான வருஷம் அரித்துப் போக, வலுவான பாறை மட்டும் தப்பி நிற்கிற எச்சக் குன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை மருமகனுக்குச் சொன்னேன். “அப்ப முந்தி இந்த உயரத்துக்கு நிலமா இருந்த?” என்றான். ஓம் என்றேன். கீழே இருந்த வெட்ட வெளியை இரண்டு பேரும் கனநேரம் பார்த்தோம்.

வழியில் கிடந்த பிளாஸ்டிக் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினோம். பை நிறைந்துவிட்டது, இன்னும் கிடந்தது. ஏறுகிற களைப்பில் தண்ணீர் குடிக்கிறவருக்கு வெறும் போத்தலா பாரம்? கோபமாகத்தான் வருகிறது.

மார்ச் 14, வெள்ளி

தொடை இரண்டும் பிடித்துக் கிடக்கிறது. முழங்கைக்கு மஞ்சள்.

ஜூன் 29, ஞாயிறு

கச்சான் காற்று சூடாக அடிக்கிறது. மலை தெரிகிறது, ஆனால் தூசுக்குள் சாம்பலாக. ஏறுகிற காலம் இல்லை, கல் சுடும். பட்டிக்கு மட்டும் போனேன். பாலைப்பழக் காலம். ஒரு கிண்ணம் நிறைய வைத்தார் மாமா. மஞ்சள் மணி போல, பால் பிசின் உதட்டில் ஒட்டும், இனிப்புத் தொண்டைக்குள் இறங்கிப் போகாது. கரடியும் இதற்குத்தான் வரும், விடியற்காலையில் பாலை மரத்தடிக்குப் போகாதே என்றார்.

தவளைக் குஞ்சுகளைப் பற்றிக் கேட்டேன். பள்ளம் ஏப்ரலிலேயே வற்றிவிட்டதாம். தப்பியதா என்று அவருக்கும் தெரியாது. மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.

ஒக்டோபர் 19, ஞாயிறு

மூன்று நாளாகப் பின்னேரம் மேற்கே இடி. இன்று குடும்பியை முகில் விழுங்கிவிட்டது. இனி மேற்கே மழை கனத்தால் முந்தனை ஆறு பெருகும். புலிபாய்ந்தகல் ரோட்டுக்கு மேலால் தண்ணீர் பாய்ந்து, போக்குவரத்துத் தோணியில்தான்.

இருட்டிய பிறகு மாமாவின் அழைப்பு. “மலையில நல்லா விழுந்திட்டு மனே. விதைப்புக்கு ஆயத்தமா?” ஆயத்தம் என்றேன். பக்கத்தில் நின்ற மருமகன் போனை வாங்கி ஒன்றே ஒன்று கேட்டான்: பள்ளத்தில் தண்ணீர் நிறைந்துவிட்டதா?