செயலியில் உள்ள பித்தப்பையும் தோட்டத்திலிருந்து வரும் பித்தப்பையும்

எங்கள் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் வைத்தியர்கள் சத்திரசிகிச்சைக்கு முந்தின இரவு இப்போது புத்தகத்தைவிட போனைத்தான் அதிகம் திறக்கிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். அவர்களில் பலர் பயன்படுத்துவது டச் சர்ஜரி; லண்டனில் சத்திரசிகிச்சை வைத்தியர்கள் இருவர் 2013இல் தொடங்கிய நிறுவனத்தின் செயலி, 2020இல் மருத்துவக் கருவிகள் செய்யும் மெட்ரோனிக் அந்த நிறுவனத்தை வாங்கியது. ஒரு சத்திரசிகிச்சையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, திரையில் விரலை நகர்த்தி ஒவ்வொன்றையும் செய்யவைத்து, பிறகு அதையே கேள்வியாகக் கேட்டுப் புள்ளி போடும். கத்தி பிடிக்கத் தெரிந்தும் அடுத்தது என்ன என்று தெரியாமல் கை நின்றுபோவது ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடப்பதுதான். அதை இந்தச் செயலி நிஜமாகவே குறைக்கிறது. தையல் இறுக்கமும் தசையின் இழுவையும் திரையில் வராது, அதற்கு தியேட்டரில் நின்றே ஆக வேண்டும்.

என் கவலை வேறு. லெப்பரஸ்கோப்பில், அதாவது வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கமெரா வழியாகப் பார்த்து, பித்தப்பையை அகற்றும்போது எதையும் வெட்டுவதற்கு முன் மூன்று விஷயங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் குழுவினர் எழுதினார்கள்: பித்தப்பைக்குப் போகும் குழாயும் இரத்தக்குழாயும் இருக்கும் கலோ முக்கோணம் கொழுப்பு நீங்கிச் சுத்தமாக இருக்க வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதி ஈரலிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், பைக்குள் போவது இரண்டே இரண்டு குழாய்களாக இருக்க வேண்டும். செயலியில் இது அழகாகத் தெரிகிறது. ஆனால் மலையகத் தேயிலைத் தோட்டங்கள் உள்ள மஸ்கெலியா பக்கமிருந்து வரும் கொழுந்து பறிக்கிற அம்மா, வலி வந்த அன்றே வருவதில்லை. ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடும், பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை, பஸ்சில் வந்து போவதே ஒரு பகல். தோட்டத்து மருந்துக்கடையில் ஒரு மாத்திரை, அடுத்த மாதம் இன்னொன்று என்று பலமுறை அழற்சி வந்துபோன பிறகுதான் எங்களிடம் வருகிறார். உள்ளே பார்த்தால் சுவர் தடித்து, குடல் எல்லாம் ஒட்டி, அந்த முக்கோணம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

அதனால் நான் இப்போது முந்தின நாள் மாலை வார்ட் ரவுண்ட் முடிந்ததும் போனை மூடி வைக்கச் சொல்லி, படிகளை வாயால் சொல்லவைக்கிறேன். ஒவ்வொரு படியிலும் "சரி தம்பி, இது தெரியாவிட்டால்?" என்று கேட்பேன். ஈரலின் அடிப்பக்கத்தில் இருக்கும் ரூவியர் பள்ளத்தைத் தேடி அதற்கு மேலேயே நிற்பேன், பையின் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வருவேன், வயிற்றைத் திறப்பேன் என்று பதில்கள் வரும். நான் அதிகம் எதிர்பார்க்கும் பதிலை அண்மையில் ஹட்டன் பையன் ஒருவன் தயங்காமல் சொன்னான்: "கையை எடுத்துவிட்டு உங்களைக் கூப்பிடுவேன், சேர்."

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தத்தைக் கொண்டுபோகும் பொதுப் பித்தக்குழாய் தவறி வெட்டுப்பட்டால் அந்த அம்மாவுக்கு அது மாதக்கணக்கான துன்பம், கண்டிக்கோ கொழும்புக்கோ அலைச்சல், மறுபடியும் ஒரு பெரிய சத்திரசிகிச்சை. முழுப் புள்ளி எடுத்துவிட்டுத் தியேட்டருக்குள் நுழையும் பயிற்சியாளர், திரையில் பார்த்தது உள்ளே தெரியாதபோது, தெரிகிறது என்று தன்னையே நம்பவைக்கப் பார்ப்பார். அங்கேதான் குழாய் வெட்டுப்படுகிறது. இந்தச் செயலிகளைச் செய்பவர்களிடம் நான் கேட்பது, ஒட்டிப்போன, வீங்கிய பித்தப்பை ஒன்றையும் உள்ளே வையுங்கள், வெட்டாமல் நிறுத்தியவருக்கும் முழுப் புள்ளி கொடுங்கள்.